பிளீட் செய்தும் பிரேக் பெடல் ஆழமாகப் போகிறதா?
பழைய காரில் பிளீட் செய்த பிறகும் (அதாவது பிரேக் ஆயிலில் சிக்கிய காற்றை வெளியேற்றிய பிறகும்) பெடல் இறங்கினால், உடனே மாஸ்டர் சிலிண்டரை (பெடலை மிதித்தால் பிரேக் ஆயிலைத் தள்ளும் பாகம்) மாற்றக் கிளம்பாதீர்கள். இரண்டு மூன்று முறை வேகமாக மிதித்ததும் பெடல் உயர்ந்து கல் மாதிரி நிற்கிறதா? பெரும்பாலும் பின்சக்கர டிரம்முக்கும் அதை உள்ளிருந்து அழுத்தும் பிரேக் ஷூவுக்கும் இடைவெளி அதிகமாகியிருக்கும். அட்ஜஸ்ட் செய்தால் போதும்.

பஞ்சு மாதிரியே அமுங்கினால் உள்ளே காற்றுதான். காலிப்பரை (பிரேக் டிஸ்க்கை அழுத்திப் பிடிக்கும் பாகம்) கழற்றி மாட்டினீர்களா? அதில் காற்றை வெளியேற்றும் திருகான பிளீடர் நிப்பிள் மேல்பக்கம் இருக்க வேண்டும். இடது வலது மாறினால் அது கீழே போய்விடும். அப்புறம் நாள் முழுக்க மிதித்தாலும் காற்று வராது. (பலருக்கும் நடப்பதுதான், வெளியே சொல்ல மாட்டார்கள்.)

பிளீட் செய்ய மிதிக்கும்போது பெடலைத் தரைவரை விடாதீர்கள். மாஸ்டர் சிலிண்டரில் ரப்பர் சீல் வழக்கமாகப் போகாத பகுதியில் துரு இருந்தால் சீல் கிழிந்துவிடும். பெடலுக்கு அடியில் ஒரு மரக்கட்டை வையுங்கள்.