வயசும் வசதியும் வேற வேறயா இருக்கிற காதல்ல எதை எப்போ பேசணும்

எனக்கு 37, அவருக்கு 30, அப்போதான் எங்க கல்யாணம். நான் கோயம்புத்தூர் ஆர்.எஸ்.புரம், அப்பாவுக்கு ஜவுளி வியாபாரம், நான் ஒரு கம்பெனில அக்கவுண்ட்ஸ் பாக்கறேன். அவர் கணபதில மோட்டார் காயில் கட்டுற கடை வச்சிருக்கார், வாடகை வீடு, அம்மா, கட்டிக்கொடுத்த ஒரு அக்கா. எங்க வீட்டு போர் மோட்டார் எரிஞ்சு போயி கழட்டிட்டுப் போக வந்தவர்தான். இப்போ ஆறு வருஷம் ஆச்சு. சொந்தத்துலயும் தெரிஞ்சவங்கள்லயும் இதே மாதிரி நிலைமைல இருக்கிற புள்ளைங்க அடிக்கடி என்னை கேக்குதுங்க, ஒவ்வொருத்தருக்கா சொல்றதுக்கு ஒரே தடவையா எழுதிடலாம்னு உக்காந்தேன்.

முதல் வேலை நம்பரை வாய்விட்டு சொல்றது. வயசு எத்தனை, சம்பளம் எத்தனை, கடன் எத்தனை. பழகி ரெண்டு மூணு மாசத்துக்குள்ள சொல்லிடுங்க, தள்ளிப்போட்டா அப்புறம் அது மறைச்சதா ஆயிடும். நான் என் வயசை சொன்னப்போ அவர் ஒண்ணும் பெருசா எடுத்துக்கல, ஆனா அவர் பக்கத்து கணக்கு வெளிய வர நாலு வாரம் ஆச்சு, அம்மா பேர்ல மகளிர் குழு லோன், அக்கா கல்யாணத்துக்கு அடகு வச்ச நகை இன்னும் மீட்கல, கடைக்கு வார வட்டிக்கு வாங்கினது தனி. ஒரு நோட்டுல எழுதி எங்கிட்ட குடுத்துட்டு அந்தப்பக்கமா திரும்பி உக்காந்துகிட்டார். அந்த நேரத்துல வசதியா இருக்கிறவங்க செய்ய வேண்டியது ஒண்ணே ஒண்ணு, "நான் கட்டிடறேன்"னு சொல்லாம இருக்கறது. மனசு துடிக்கும், ஆனா சொல்லாதீங்க. அவர் கேக்காத உதவியை அந்த எடத்துல நீட்டினா அதுக்கப்புறம் எந்தக் கணக்கையும் அவர் உங்ககிட்ட காட்ட மாட்டார்.

கூப்பிடற முறை இன்னொரு பெரிய விஷயம், வெளிய இருந்து பாக்கறவங்களுக்கு சின்னதா தெரியும். அவர் என்னை மொதல்ல மேடம்னு கூப்பிட்டார், கொஞ்சம் பழகினதும் அக்கான்னு ஆச்சு, நம்ம ஊர்ல வயசு மூத்த பொண்ணை வேற எப்படி கூப்பிடுவாங்க. காதல்னு ரெண்டு பேருக்கும் தெரிஞ்சப்புறமும் அவர் நாக்குல அதான் வருது, அதை நிறுத்த பேரும் வராம ஒண்ணும் வராம ஒரு மாசம் "ஏங்க, ஏங்க"ன்னே ஓடுச்சு. நான்தான் பேர் சொல்லி கூப்பிடுங்கன்னு கேட்டேன், நானும் அவரை வாங்க போங்கன்னுதான் இன்னிக்கு வரைக்கும் பேசறேன். வயசுல பெரியவங்க சின்னவங்களை வா போன்னு சொல்லிட்டு சின்னவங்க மட்டும் மரியாதை குடுத்துட்டிருந்தா அந்த மேல கீழ கல்யாணத்துக்குள்ளயும் வந்து உக்காந்துக்கும். மாமியார் வீட்லயும் இதே சிக்கல்தான், அவரோட அக்கா என்னைவிட 4 வயசு சின்னவங்க, ஆனா நான் அவங்களை அண்ணின்னுதான் கூப்பிடறேன், முறை வயசைப் பாத்து வராது உறவைப் பாத்துதான் வரும். மொத நாள்லயே அப்படி கூப்பிட்டேன், அவங்களுக்கு இருந்த பாதி கூச்சம் அதுலயே போயிடுச்சு.

காசு செலவு. ரெண்டு பேரும் வெளிய போறப்போ கம்மியா சம்பாதிக்கிறவங்களால தாங்க முடியற எடத்துக்குத்தான் போகணும். நாங்க காதலிச்ச காலம் பூரா சாயங்காலம் தள்ளுவண்டி காளான் கடைதான், ஒரு நாள் அவர் குடுப்பார் ஒரு நாள் நான். பெரிய ஓட்டலுக்கு கூட்டிட்டுப் போயி நாமே பில்லு கட்டறது பாசமா தெரியும், ஆனா எதுத்தாப்ல இருக்கிறவங்க மெனு கார்டுல வலது பக்கத்தையே பாத்துட்டிருப்பாங்க. கல்யாணத்துக்கப்புறம் வீட்டு செலவை பாதிப்பாதி பிரிக்காதீங்க, அது நியாயம் மாதிரி தெரியற அநியாயம். சதவீதமா போடுங்க. எனக்கு 70,000 வந்துச்சு, அவருக்கு மாசத்துக்கு மாசம் மாறும், சராசரி 28,000. ரெண்டு பேரும் 40 சதவீதம்னா நான் 28,000, அவர் 11,200. ஒரு ஜாயின்ட் அக்கவுண்ட், மீதி அவங்கவங்க பணம், கேள்வி கிடையாது.

கடைக்கு வைண்டிங் மெஷின் வாங்க நான் ஒன்றரை லட்சம் குடுத்தேன், பத்து ரூபா பத்திரத்துல இல்ல, வெள்ளைத்தாள்ல தேதி போட்டு ரெண்டு பேரும் கையெழுத்து வச்சோம், மாசம் 7,500 வீதம் 20 மாசத்துல திருப்பிட்டார். புருஷன் பொண்டாட்டிக்குள்ள என்ன எழுத்துன்னு எங்க அம்மா வருத்தப்பட்டாங்க. ஆனா கடைசி தவணை குடுத்த அன்னிக்கு அவர் முகத்தை நான் பாத்தேன், அதுக்காகவே எழுதலாம்.

இதுல ஒண்ணு கண்டிப்பா சொல்லணும். வயசோ பணமோ பதவியோ யாருகிட்ட ஜாஸ்தியோ அவங்கதான் விட்டுக்குடுத்து ஆரம்பிக்கணும், "வேண்டாம்"னு சொல்ல அடுத்தவங்களுக்கு எடம் இருக்கான்னு அவங்கதான் பாக்கணும். உங்ககிட்ட வேலை பாக்கறவங்க, உங்ககிட்ட படிக்கறவங்கன்னா அந்த வேலையோ படிப்போ முடியற வரைக்கும் பேச்சையே எடுக்காதீங்க, சம்பளம் குடுக்கிறவர்கிட்ட மறுத்துப் பேச யாருக்கு தைரியம் வரும். 18 ஆகாதவங்கன்னா அது காதலே இல்ல, குத்தம், போக்சோ சட்டம் 2012ல இருந்து இருக்கு.

வீட்ல சொல்றப்போ ரெண்டு வீட்டு பயமும் வேற வேறன்னு புரிஞ்சுக்கங்க. எங்கப்பாவுக்கு "பையன் சொத்துக்கு வர்றான்". அவங்கம்மாவுக்கு "எம்பையன் வீட்டோட மாப்பிள்ளையா போயிடுவான்", அப்புறம் "குழந்தை பொறக்குமா". ரெண்டுக்கும் ஒரே வசனத்தை பேசி புண்ணியம் இல்ல. அப்பாகிட்ட நான் சொத்துப் பேச்சே எடுக்கல, அவரோட கடை கணக்கு நோட்டை காட்டினேன், வியாபாரிக்கு கணக்கு புரியும். அத்தைகிட்ட, நாங்க ரெண்டு வீட்லயும் இருக்கப்போறதில்ல, சிங்காநல்லூர்ல வாடகைக்குப் பாத்திருக்கோம்னு சொன்னேன். பொண்ணு மூத்தவளான்னு இழுத்த மாமாவுக்கு சச்சின் கதையைத்தான் சொன்னேன், 1995ல கல்யாணம், அஞ்சலி அவரைவிட அஞ்சு வயசுக்கு மேல மூத்தவங்க, தொழிலதிபர் பொண்ணு, டாக்டர், சச்சின் ஒரு மராத்தி பேராசிரியர் பையன். கிரிக்கெட் பாக்கற மாமா அதோட நிறுத்திட்டார். சட்டத்துலயும் ஆணுக்கு 21 பொண்ணுக்கு 18 முடிஞ்சிருக்கணும், அவ்வளவுதான், யாரு மூத்தவங்க எத்தனை வயசு வித்தியாசம்னு ஒரு வரி கூட கிடையாது.

ஆனா "வசதி பத்தாது"ன்னு வீட்ல சொல்றது பல நேரம் சாதியைத்தான். எங்களுக்கு பேச்சோட போச்சு. எல்லாருக்கும் அப்படி போறதில்ல. எங்க ஊர்ல இருந்து ரெண்டு மணி நேரம் கூட இல்லாத உடுமலைப்பேட்டைல 2016 மார்ச் 13, பட்டப்பகல்ல, பஸ் ஸ்டாண்டு பக்கத்துல, சாதி மாறி கல்யாணம் பண்ணின சங்கரை வெட்டிக் கொன்னாங்க, அவர் மனைவி கௌசல்யாவும் வெட்டுப்பட்டு பொழச்சாங்க, அவங்க வசதியான வீடு, அவரு தலித் வீட்டுப் பையன். அதனால வீட்ல மிரட்டல் வந்துச்சுன்னா "அப்பா அப்படி செய்ய மாட்டார்"னு நம்பி தனியா பேச்சுவார்த்தைக்கு போகாதீங்க. 2018ல ஆணவக் கொலை பத்தின சக்தி வாகினி வழக்குல உச்ச நீதிமன்றம் மாவட்டத்துக்கு மாவட்டம் தனிப்பிரிவு, பாதுகாப்பான தங்குமிடம்னு தெளிவா சொல்லியிருக்கு, எஸ்.பி ஆபீஸ்ல இல்லைன்னா கமிஷனர் ஆபீஸ்ல எழுத்துல மனு குடுத்து ரசீது வாங்கிக்கங்க, பொண்ணுங்களுக்கான உதவி போன் 181 எப்பவும் எடுக்கும்.

கல்யாணம் எப்படி பண்ணறது. ரெண்டு பேரும் இந்துன்னா சுயமரியாதை கல்யாணம் இருக்கு, 1967ல அண்ணா ஆட்சில இந்து திருமண சட்டத்துல 7ஏன்னு ஒரு பிரிவா சேத்தது, புரியற பாஷைல ஒருத்தரை ஒருத்தர் ஏத்துக்கறோம்னு சொல்லி மாலையோ மோதிரமோ தாலியோ போதும், ஐயர் வேண்டியதில்ல. 2023ல உச்ச நீதிமன்றம் இதுக்கு ஊரைக் கூட்ட வேண்டியதில்லைன்னும் சொல்லிடுச்சு. முடிஞ்சதும் 90 நாளைக்குள்ள சப் ரிஜிஸ்ட்ரார் ஆபீஸ்ல பதிஞ்சிடுங்க. மதம் வேறன்னா 1954 தனித் திருமணச் சட்டம், அதுல நோட்டீஸ் குடுத்து 30 நாள் காத்திருக்கணும், மூணு சாட்சி, அந்த நோட்டீஸை ஆபீஸ்ல ஒட்டுவாங்க. ஆபத்து இருக்கிறவங்க அந்த 30 நாள் எங்க தங்கறதுன்னு முடிவு பண்ணிட்டு நோட்டீஸ் குடுங்க.

குழந்தை வேணுமான்னு கல்யாணத்துக்கு முன்னாடியே ஒழுங்கா பேசுங்க. பொண்ணுக்கு 35 தாண்டிடுச்சுன்னா ஒரு வருஷம் பாப்போம்னு இருக்காம ஆறு மாசத்துலயே டாக்டரைப் பாக்கணும், பரிசோதனை ரெண்டு பேருக்கும். ஏ.எம்.எச் (கருமுட்டை இருப்பைக் காட்டற ரத்த டெஸ்ட்) கம்மின்னு ரிப்போர்ட் வந்தா இயற்கையா உண்டாகாதுன்னு அர்த்தம் இல்ல, நான் அந்த பேப்பரை வச்சுட்டு ஒரு ராத்திரி பூரா அழுதேன், அப்புறம்தான் டாக்டர் விளக்கினாங்க. செயற்கை கருத்தரிப்புக்கு 2021 சட்டப்படி பொண்ணுக்கு 50, ஆணுக்கு 55 வரைக்கும்தான், ஆம்பளை ரொம்ப மூத்தவரா இருக்கிற ஜோடிங்க இதை மறந்துடறாங்க. எங்களுக்கு இப்போ நாலு வயசுல பொண்ணு இருக்கா.

கடைசியா உயில், இதை ஒருத்தரும் பேசறதில்ல. இந்து பொண்ணுக்கு அப்பா அம்மா வழியா வாரிசா வந்த சொத்து, குழந்தை இல்லாம உயிலும் எழுதாம அவ போயிட்டா புருஷனுக்கு வராது, அவ அப்பாவோட வாரிசுங்களுக்கு திரும்பிடும். அவ சொந்தமா சம்பாதிச்சது மாதிரி மத்த சொத்துதான் அவருக்கு. அதே புருஷன் போயிட்டா பொண்டாட்டி, புள்ளைங்க, அவரோட அம்மா எல்லாருக்கும் சம பங்கு. பேங்க்ல நாமினின்னு பேர் போட்டா போதும்னு நினைக்காதீங்க, நாமினி பணத்தை வாங்கறவர், சொந்தக்காரர் ஆயிட மாட்டார். உயிலுக்கு ஸ்டாம்ப் பேப்பர் கூட வேணாம், வெள்ளைத்தாள்ல எழுதி கையெழுத்து வச்சு ரெண்டு சாட்சி போடணும், சாட்சிங்க சொத்து வாங்கறவங்களா இல்லாம பாத்துக்கங்க. பொண்ணு பொறக்கறதுக்கு முன்னாடியே நான் எழுதிட்டேன். அவருக்கு சாவுப் பேச்சு பிடிக்காது, ரெண்டு நாள் எங்கூட சரியா பேசல, மூணாவது நாள் கடையை மூடிட்டு வந்து அவரும் ஒரு தாள் எடுத்து எழுதினார், கடை, மெஷின், அம்மாவுக்கு மாசம் எவ்வளவுன்னு எல்லாம் வரிசையா, அவர் கையெழுத்துலயே.