ரோட்டரியில் விட்டம் போட ஸ்கேலை நம்பாதீர்கள்

குவளை போன்ற உருளைப் பொருளில் படம் பொறிக்க லேசர் மெஷினில் சக் வகை ரோட்டரி (பொருளைக் கவ்விப் பிடித்துச் சுழற்றும் கருவி) மாட்டினால், பொருளின் விட்டத்தை வாய்ப்பக்கம் ஸ்கேல் வைத்து அளக்காதீர்கள். ஒரு காகித நாடாவை இறுக்கமாகச் சுற்றி, ஒன்றன்மேல் ஒன்று ஏறும் இடத்தில் பேனாவால் கோடு போட்டு, பிரித்து நீளத்தை அளந்து 3.14ஆல் வகுத்து, வரும் விட்டத்தை மென்பொருளில் போடுங்கள். 220 மி.மீ. வந்தால் விட்டம் 70.

நாடாவில் 1 மி.மீ. தப்பினாலும் விட்டத்தில் அது 0.3 மி.மீ.தான். ஆனால் ஸ்கேலில் 70ஐ 69 என்று படித்துவிட்டால், 220 மி.மீ. நீளத்துக்கு வரைந்த பூக்கொடி சுற்றி முடிக்கும்போது ஆரம்பித்த இடத்தின் மேல் 3 மி.மீ. ஏறிவிடும். கன்னியாகுமரி கடைகளுக்கு மூங்கில் குவளை செய்து கொடுப்பவர்களுக்கு இந்த 3 மி.மீ. ஒரு குவளை நஷ்டம். மூங்கில் சரியான வட்டமாகவும் இருக்காது, அதற்கும் நாடாதான் நல்லது.

பொருளை உருளைகள் மேல் வைத்துச் சுழற்றும் ரோலர் வகையில் இந்த வகுத்தல் வேண்டாம். அங்கே மென்பொருள் கேட்பது ரோலரின் விட்டத்தை. கொடி எவ்வளவு நீளம் வரைவது என்று பார்க்க மட்டும் நாடா உதவும்.

சிரட்டைக்கு இது முழுசாகச் சரிவராது. இடத்துக்கு இடம் சுற்றளவு மாறும். எழுத்து விழும் இடத்தில் மட்டும் அளந்து, ஒற்றை வரியோடு நிறுத்திக்கொள்ளுங்கள். சின்னதாக ஒரு பெயர் மட்டும் என்றால் ஸ்கேலே போதும்.