இட்ராகொனசோல் கேப்சூல் போடறீங்களா? வெறும் வயித்துல வேணாம்

படர்தாமரைக்கு டாக்டர் இட்ராகொனசோல் எழுதிக் குடுத்திருந்தா இதப் படிச்சிட்டுப் போடுங்க, ஏன்னா மாத்திரை கேக்கவே இல்லன்னு புலம்பற நிறைய பேர்கிட்ட விசாரிச்சா காலைல எந்திரிச்சதும் வெறும் வயித்துல போட்டிருப்பாங்க.

இது வேலை செய்யற விதம் சிம்பிள்தான். நம்ம செல்லைச் சுத்தி இருக்கற சவ்வுல கொலஸ்ட்ரால் இருக்குல்ல, பூஞ்சைக்கு அந்த இடத்துல எர்கோஸ்டெரால்னு ஒண்ணு, அதைத் தயாரிக்கற என்சைமை இந்த மருந்து மடக்கிடுது, சவ்வு ஒழுங்கா அமையாம பூஞ்சை வளர முடியாமப் போயிடும். தோல்ல வர்ற படர்தாமரை, வாய்ல வர்ற கேண்டிடா, நுரையீரலைப் பிடிக்கற ஆஸ்பர்ஜில்லஸ் எல்லாத்துக்கும் எர்கோஸ்டெரால் வேணும், அதான் ஒரே மருந்து இத்தனைக்கும் கேக்குது. பாக்டீரியாகிட்ட அது கிடையாது, அதனால சீழ் புண்ணுக்கெல்லாம் இதப் போட்டுப் பிரயோஜனம் இல்ல.

இப்ப போடற முறை. கேப்சூலுக்குள்ள பொடிப் பொடியா உருண்டை இருக்கும், அது மேல பூசினதுதான் மருந்து (பிரிச்சுப் போடாதீங்க, முழுசா முழுங்குங்க). இது தண்ணில கரையாது, வயித்துல ஆசிட் இருந்தாத்தான் கரைஞ்சு ரத்தத்துல சேரும். அதனால வயிறு நிறைய சாப்பிட்ட உடனே போடணும், ரெண்டு பிஸ்கட்டெல்லாம் சாப்பாட்டுக் கணக்கில வராது. கூடவே கேஸ் மாத்திரை போடறது இருக்கே, அதான் பெரிய வில்லன். ஜெலுசில் மாதிரி ஆன்டாசிட்னா ரெண்டு மணி நேரமாவது தள்ளிப் போடுங்க, பேன்டோபிரசோல், ஒமிபிரசோல்னா நேரம் தள்ளி வச்சும் பத்தாது, நாள் முழுக்க ஆசிட்டைக் குறைச்சிடும், டாக்டர்கிட்ட கண்டிப்பா சொல்லுங்க. சிரப்பா குடுத்தா அப்படியே தலைகீழ், வெறும் வயித்துல குடிக்கணும். எஸ்பின்னு (SB, உடம்புல கூடுதலா சேர்ற மாதிரி தயாரிச்சது) போட்டு வர்ற கேப்சூலுக்கும் கணக்கு வேற, சீட்டுல எழுதினபடி போடுங்க.

அரிப்பு சீக்கிரமே நின்னுடும், பூஞ்சை போயிருக்காது, சொன்ன நாள் வரைக்கும் போடுங்க. மெடிக்கல்ல கேட்டு வாங்கற மிக்ஸ் க்ரீம்ல குளோபெட்டசால், பீட்டாமெத்தசோன்னு இருந்தா தொடாதீங்க, அது ஸ்டீராய்டு, சிவப்பை அமுக்கிட்டு பூஞ்சையை நல்லா பரவ விடும்.

ஹார்ட் ஃபெயிலியர், லிவர் பிரச்சனை, கர்ப்பம், கொலஸ்ட்ராலுக்கு சிம்வாஸ்டாட்டின், ரத்தம் உறையாம இருக்க வார்ஃபரின், இதுல எது இருந்தாலும் முதல்லயே சொல்லிடணும். நடுவுல கண்ணு மஞ்சளானாலோ, கால் வீங்கி மூச்சு வாங்கினாலோ அடுத்த கேப்சூலைப் போடாம அன்னைக்கே டாக்டரப் பாருங்க.