கிராமத்து சர்ச்சின் வயதைச் சொல்லும்போது செய்யக்கூடாதவை

இங்கிலாந்தின் இடைக்காலச் சர்ச்சுகளைப் பற்றிப் புதிதாக எழுத வருகிறவர்கள் அரைவட்டமான நார்மன் வளைவையும் கூர்முனையுள்ள கோதிக் வளைவையும் மாற்றிச் சொன்னால் கவலையில்லை, நாலு சர்ச் பார்த்தால் தானே சரியாகிவிடும். நான் சொல்ல வருவது வருடக்கணக்காக ஒட்டிக்கொண்டிருக்கும் தவறுகளை.

செதுக்கிய கல்லெல்லாம் அங்கேயே செதுக்கியதில்லை

டர்ஹாம் பகுதியிலுள்ள எஸ்கோம் சர்ச் 7-ஆம் நூற்றாண்டுக் கட்டடம். கற்களோ பக்கத்து பின்செஸ்டர் ரோமானியக் கோட்டையிலிருந்து வந்தவை. ரோமானியப் படையின் ஆறாம் படைப்பிரிவின் பெயர் பொறித்த கல்லைத் தலைகீழாக வைத்தே கட்டியிருக்கிறார்கள். ஆகவே கல்லின் வயதைக் கட்டடத்தின் வயதாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

முழுக் கட்டடத்துக்கும் ஒரே தேதி

இதுதான் எனக்கு இன்னும் எரிச்சல். எசெக்ஸில் கிரீன்ஸ்டெட் சர்ச், பிளந்த ஓக் மரங்களை நெருக்கமாக நிறுத்தி எழுப்பிய சுவர். தெரிந்த ஒருவர் சுற்றுலாக் குழுவுக்காக 'கி.பி. 845-இல் கட்டியது' என்று கையேடே அச்சடித்துவிட்டார். 845 என்பது 1960-களில் மர வளையங்களை வைத்துச் சொன்ன கணக்கு. 1995-இல் மறுபடி ஆராய்ந்தபோது மரத்தில் மிஞ்சியிருந்த கடைசி வளையம் 1053 என்று வந்தது, பட்டையை ஒட்டிய வெளிறிய மரம் போய்விட்டதால் அதோடு 10 முதல் 55 ஆண்டு கூட்ட வேண்டும், ஆக மரம் வெட்டியது 1063-க்கும் 1108-க்கும் நடுவில். சொன்னேன். "பழைய புத்தகத்தில் அப்படித்தானே இருக்கு" என்றார். கட்டுக்கட்டாகக் கையேடு கடைசியில் பழைய பேப்பர்காரரிடம் போனது.

சரி, தேதியைத் திருத்திவிட்டால் போதுமா? அதுவும் மக்கள் உட்காரும் கூடத்தின் மரங்களுக்குத்தான் பொருந்தும். பலிபீடப் பகுதி 1500-ஐ ஒட்டிய செங்கல் வேலை. மரங்களுக்கு அடியில் தெரியும் குட்டைச் செங்கல் சுவர் 19-ஆம் நூற்றாண்டுச் சீரமைப்பில் வந்தது, உளுத்துப்போன அடிப்பாகத்தை வெட்டியெடுத்துவிட்டு வைத்தார்கள். பலிபீடத் தரைக்குக் கீழே இன்னும் பழைய மரக் கட்டடங்களின் தடயம் கிடைத்திருக்கிறது, 6-7-ஆம் நூற்றாண்டு என்கிறார்கள். உடனே '1400 வருடத்துச் சர்ச்' என்று ஒருவர் கிளம்புவார். அது இடத்தின் வயது ஐயா, கட்டடத்தின் வயது இல்லை! ஆகவே தேதி போடும்போது எந்தச் சுவருக்கு, எந்த மரத்துக்கு என்று கூடவே எழுதுங்கள், வாக்கியம் நீண்டாலும் பரவாயில்லை.

கால்மேல் கால் போட்டுப் படுத்திருக்கும் வீரர் சிலை

கல்லறை மேல் இப்படி ஒரு சிலை இருந்தால் சிலுவைப் போருக்குப் போனவர் என்று அர்த்தமில்லை. அந்தக் காலச் சிற்பப் பாணி, அவ்வளவுதான்.

தொழுநோயாளி ஜன்னல்

சுவரில் தாழ்வாகச் சின்ன ஓட்டை இருந்தாலே, தொழுநோயாளிகள் வெளியே நின்று அது வழியாகப் பூசை பார்த்தார்கள் என்ற கதை வந்துவிடுகிறது. கிரீன்ஸ்டெட்டிலும் ஒன்றைக் காட்டுவார்கள். அது தீர்த்தம் வைக்கும் மாடமாக இருந்திருக்கவே வாய்ப்பு அதிகம்.