பொம்மையை எட்டும்போது பாப்பா பின்னால் சாய்ந்தால்

ஏழு மாதப் பாப்பா நன்றாக உட்காரும். கையை நீட்டியதும் பொத்தென்று பின்னால் சாயும். எங்கள் வீட்டில் இதற்குக் காரணம் மெத்தைதான். அதில் இடுப்பு அமிழ்ந்து பின்பக்கம் சரிகிறது, முதுகு கூன் விழுகிறது. தரையில் பாய் விரித்து, மேலே ஒரு போர்வையை மடித்துப் போட்டதும் பாதி சரியாகிவிட்டது.

பின்னால் காலை அகட்டி உட்கார்ந்து, பாப்பாவின் இடுப்பின் இருபுறமும் கை வையுங்கள். அக்குளைப் பிடித்தால் உடம்பு வேலை செய்யாது, உங்கள் கையில் தொங்கும்.

பொம்மை வைக்கும் இடத்தில்தான் விஷயமே இருக்கிறது. தலைக்கு மேலே ஆட்டினால் அண்ணாந்து பார்த்து விழும். முதலில் இரு முழங்காலுக்கு நடுவே, கவிழ்த்த டப்பாவின் மேல் வையுங்கள். நாலைந்து நாள் கழித்து முழங்காலுக்கு வெளியே, நான்கு விரற்கடை தள்ளி. அப்போது ஒரு கை விரல்களை விரித்துத் தரையில் ஊன்றும், மறு கை எட்டும். விழாமல் காப்பது அந்த ஊன்றல்தான். அவசரப்பட்டுத் தாங்கிப் பிடிக்காதீர்கள். அடுத்து, வலப்பக்கம் இருப்பதை இடக்கையால் எடுக்க விடுங்கள். இடுப்புக்கு மேல் உடம்பு திரும்பப் பழகும். எவர்சில்வர் டம்ளர் அருமையான பொம்மை. வாய்க்குள் போகும் சின்னப் பொருள் வேண்டவே வேண்டாம்.

ஒரு தடவைக்கு 3 நிமிடம், பால் குடித்த உடனே கூடாது. வாக்கர் இதற்கு உதவாது.

9 மாதம் முடிந்தும் பிடிப்பில்லாமல் உட்காராவிட்டாலோ, எப்போதும் ஒரே கையை மட்டும் நீட்டினாலோ குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள்.