மேட்டுப்பாத்தி போட்டேன், கார் ஷெட்டில் தண்ணீர் வந்தது

சென்னையில், பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்துக்குத் தெற்கே எங்கள் வீடு. மண்வெட்டியைப் போட்டால் அல்வாத் துண்டுபோல் பெயர்ந்து வரும் களிமண். ஐப்பசி அடைமழையில் கத்தரிச் செடிகள் மூன்று நாள் தண்ணீரில் நிற்கும், நான்காம் நாள் தலை கவிழும். தண்ணீரில் நின்றுகொண்டே செடி வாடுவது முதலில் எனக்குப் புதிராக இருந்தது. மண்ணின் துளைகளைத் தண்ணீர் அடைத்துக்கொண்டால் வேருக்குக் காற்று கிடைக்காது. மூச்சு முட்டிய வேர் நீரை உறிஞ்சாது.

அதனால் ஹாலோ பிளாக் அடுக்கி, 8 அடிக்கு 4 அடியாக, ஓரடி உயரத்தில் மூன்று மேட்டுப்பாத்திகள் போட்டேன். அந்த ஆண்டு கத்தரி பிழைத்தது. ஆனால் அதுவரை ஒரு சொட்டு நுழையாத கார் ஷெட்டில் நான்கு அங்குலத் தண்ணீர் நின்றது. தரையில் கிடந்த இரண்டு சிமெண்ட் மூட்டைகள் கல்லாயின. கடலைப் பிண்ணாக்கு புளித்து, தெருமுனை வரை நாறியது. பாத்தியை உயர்த்தினால் தண்ணீர் மறைந்துவிடாது, வேறு இடம் தேடிப் போகும் என்பதை நான் கற்றுக்கொண்டது இப்படித்தான். தோட்டத்தையும் கார் ஷெட்டையும் தனித்தனி வேலையாக நினைத்ததுதான் முதல் பிழை.

குறுக்கே போட்ட பாத்தி

என் மனையில் மழைநீர் கொல்லையிலிருந்து வாசல் கேட்டை நோக்கி ஓடும். நான் அதன் குறுக்கே மூன்று பாத்திகளையும் வரிசையாக வைத்தேன். அழகாக இருந்தது. மழை வந்ததும் அது ஓர் அணைக்கட்டாயிற்று. தேங்கிய நீர் பக்கவாட்டில் திரும்பி, சற்றே தாழ்வாக இருந்த ஷெட்டுக்குள் புகுந்தது. பாத்தியின் நீளவாட்டு நீர் ஓடும் திசையிலேயே இருக்க வேண்டும். இரண்டு பாத்திகளுக்கு நடுவே ஒன்றரை அடி நடைபாதை விட்டால், அதுவே மழைக்காலத்தில் வாய்க்கால். அந்த வாய்க்கால் எங்கே போய் முடிகிறது என்பதையும் முன்பே தீர்மானித்துக்கொள்ளுங்கள். பக்கத்து வீட்டு மதில் அதற்கான விடை ஆகாது.

வாட்டம், அதாவது தரையின் சரிவு, எந்தப் பக்கம் என்று கண்ணால் சொல்ல முடியாது. நல்ல மழை பெய்யும்போது குடையோடு அரை மணி நேரம் நின்று பார்ப்பதே எளிய வழி. அதற்குப் பொறுமையில்லாதவர்கள் கொத்தனாரைக் கூப்பிட்டால், தண்ணீர் நிரப்பிய நீண்ட பிளாஸ்டிக் குழாயைப் பிடித்துப் பத்து நிமிடத்தில் மட்டம் பார்த்துவிடுவார்.

மொட்டைமாடிக் குழாயை மறந்துவிடுகிறவர்கள் அதிகம். 1,000 சதுர அடி மாடியில் 10 சென்டிமீட்டர் மழை பெய்தால் ஏறத்தாழ 9,300 லிட்டர் தண்ணீர் கீழே இறங்கும். அதைப் பாத்திப் பக்கம் திருப்பிவிட்டு, மண் அரித்துப்போகிறது என்று வருந்துவதில் பயனில்லை. தமிழ்நாட்டில் 2003 முதல் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயம். பல வீடுகளில் அந்தத் தொட்டி மண் மூடிக் கிடக்கிறது. பாத்திக்குச் செங்கல் வாங்குவதற்கு முன் அதைத் தூர் வாருவது மேல்.

அடியில் ஜல்லி போடும் பழக்கம்

“அடியில் நாலு அங்குலம் ஜல்லி போடுங்கள், தண்ணீர் சர்ரென்று இறங்கிவிடும்” என்று சொல்லாதவரே இல்லை. நானும் நம்பி ஒரு பாத்தியில் போட்டேன். நடப்பது வேறு. நுண்ணிய மண்ணின் சின்னத் துளைகள் தண்ணீரை இழுத்துப் பிடித்துக்கொள்ளும். கீழே இருக்கும் ஜல்லியின் பெரிய இடைவெளிகளுக்கு அந்தப் பிடிப்பு கிடையாது. ஆகவே மேல்மண் முழுக்க நனைந்து ததும்பும் வரை நீர் ஜல்லிக்குள் இறங்காது. ஈரம் தங்கும் அடுக்கு ஜல்லிக்கு மேலே, வேருக்குப் பக்கமாக ஏறி வந்துவிடும். ஓரடிப் பாத்தியில் நான்கு அங்குலத்தை ஜல்லிக்குக் கொடுத்தால் செடிக்கு மிஞ்சுவது எட்டு அங்குலம்.

செய்ய வேண்டியது அதற்கு நேர்மாறு. பாத்தி அமையும் இடத்தில் கடப்பாரையால் அடித்தரையை முக்கால் அடி ஆழத்துக்குக் கிளறி, கொஞ்சம் மட்கிய எரு கலந்து, அதன்மேல் நேரடியாக மண்ணை நிரப்புங்கள். கிளறாத களிமண் தரைமேல் நல்ல மண்ணைக் கொட்டுவது தட்டில் சோறு வைப்பது போலத்தான். தண்ணீர் தட்டிலேயே நிற்கும். களை வராமலிருக்க அடியில் தார்ப்பாய் விரிப்பது இதைவிட மோசம்.

உங்கள் தரை எவ்வளவு மோசம் என்று அறிய ஓரடி அகலம், ஓரடி ஆழத்தில் குழி வெட்டுங்கள். மாலையில் தண்ணீர் நிரப்பி ஊற விடுங்கள். காலையில் மறுபடி நிரப்பி அளவுகோல் வையுங்கள். மணிக்கு ஓர் அங்குலமாவது இறங்கினால் ஓரடிப் பாத்தி போதும். அரை அங்குலம்கூட இறங்கவில்லை என்றால் உயரத்தைக் கூட்டுவதோடு வாய்க்காலும் அவசியம். திருவான்மியூர் போன்ற கடலோர மணலில் சில நிமிடங்களில் குழி காலியாகிவிடும். அங்கே மேட்டுப்பாத்தியே தேவைப்படாது. மழை குறைந்த ஊர்களில் மண்ணைத் தாழ்த்திப் பள்ளப்பாத்தி போடுவதே அறிவு.

நிரப்பும் மண்ணில் இரண்டு தவறுகள். களிமண்ணை இளக்குகிறேன் என்று கொஞ்சம் மணல் கலப்பது ஒன்று. மணல் துகள்களுக்கு நடுவே களி போய் அடைத்துக்கொள்ள, வெயிலில் அது காரைபோல் இறுகிவிடும். செம்மண்ணை மட்டும் கொட்டுவது மற்றொன்று. இரண்டு மழையில் கெட்டிப்படும். செம்மண், மட்கிய தொழுவுரம் அல்லது மண்புழு உரம், அலசிய தேங்காய் நார்க்கழிவு ஆகியவற்றைச் சம பங்காகக் கலந்ததில் எனக்குக் குறை தெரியவில்லை. மூன்று பாத்திக்கும் சேர்த்து 96 கன அடி, அதாவது ஏறத்தாழ ஒரு யூனிட். எரு மட்க மட்க மட்டம் இறங்கும், ஆண்டுதோறும் மேலே சேர்க்க வேண்டியிருக்கும். இடித்த வீட்டின் காரையும் சிமெண்டும் கலந்த மண் மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்காதீர்கள். அதன் காரத்தன்மையில் இலைகள் வெளுத்துப் போகும்.

விளிம்புக்கு உடைந்த ஆஸ்பெஸ்டாஸ் தகடுகளை நட்டு வைத்திருக்கும் வீடுகளைப் பார்த்திருக்கிறேன். அதன் நார்த்தூசி நுரையீரலுக்கு எமன்; தொடவே வேண்டாம். செங்கல்லோ ஹாலோ பிளாக்கோ கட்டினால், அடிவரிசையில் இரண்டடிக்கு ஓர் இடத்தில் பூசாமல் அரை அங்குல இடைவெளி விட வேண்டும். என் கொத்தனார் நேர்த்தியானவர். எல்லா இடைவெளியையும் அழகாகப் பூசிவிட்டார். பாத்தி தொட்டியாயிற்று.

வீட்டுச் சுவரையே பாத்தியின் நான்காவது பக்கமாக வைத்துக்கொள்வது செலவைக் குறைக்கும்தான். ஈரம் சுவரில் ஏறி உள்பக்கம் பெயிண்ட் உரியும், கறையானும் வரும். ஓரடியாவது தள்ளி வையுங்கள். அகலம் 4 அடியைத் தாண்டினால் நடுவிலுள்ள செடிக்குக் கை எட்டாமல் பாத்தியில் கால் வைப்பீர்கள். மிதித்த மண்ணில் நீர் இறங்காது. சித்திரை வெயிலில் மேட்டுப்பாத்தி தரையைவிட விரைவாகக் காயும், சருகு மூடாக்கு போட்டுவிடுங்கள்.

ஷெட்டுக்குள்

தெருவில் ஒவ்வொரு முறை தார் போடும்போதும் சாலை உயர்கிறது, வீடு தாழ்கிறது. பழைய சாலையைச் சுரண்டிவிட்டுத்தான் புதிதாகப் போட வேண்டும் என்று 2021இல் அரசு அறிவுறுத்தியது. எங்கள் தெரு அதற்கு முன்பே உயர்ந்துவிட்டது. ஆகவே ஷெட்டை ஒழுங்குபடுத்துகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டியது அலமாரியின் அழகை அன்று, பழைய வெள்ளக் கறையின் உயரத்தை. 2015 டிசம்பரில் தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் கொட்டியது. அன்று தண்ணீர் நின்ற மட்டம் உங்கள் சுவரில் இன்னும் தெரிந்தால், கீழ்த்தட்டு அதற்கு மேலே இருக்கட்டும். துளையிட்ட இரும்பு ஆங்கிள் ரேக்கில் தட்டை வேண்டிய உயரத்தில் முடுக்கிக்கொள்ளலாம். கனமானவற்றைக் கீழ்த்தட்டிலும், ஆண்டுக்கொரு முறை எடுப்பவற்றைப் பரணிலும் வைப்பது எல்லாருக்கும் தெரிந்ததுதான்.

தெரியாமல் செய்வது, எதை எதனோடு வைப்பது என்பதில். பிளீச்சிங் பவுடரும் கழிவறை ஆசிட்டும் ஒரே தட்டில் இருக்கும். இரண்டும் கலந்தால் குளோரின் வாயு. மூடிய ஷெட்டில் அது உயிரை எடுக்கும். அறுக்கும் இயந்திரத்துக்கென்று வாங்கிய பெட்ரோல் கேனுக்குப் பக்கத்தில் இன்வெர்ட்டர் இருக்கும். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது, தரையோடு ஊர்ந்து போகும். அதற்கு ஒரு பொறி போதும். இன்வெர்ட்டரின் ஈயபேட்டரியோ சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜனை வெளியிடும், அது மேலே எழும். எனவே மேலே காற்றுத் துவாரம் வேண்டும், பேட்டரி மேடைமேல் இருக்க வேண்டும், பெட்ரோல் ஷெட்டிலேயே இருக்கக் கூடாது.

பூச்சிமருந்தைக் குளிர்பானப் பாட்டிலில் ஊற்றி வைக்காதீர்கள். வீட்டில் குழந்தை இல்லை என்பது சமாதானமாகாது. மின்சாரம் போன இரவில் பெரியவர்களும் தவறுவார்கள். வேப்பெண்ணெயை வெயிலும் வெளிச்சமும் கெடுத்துவிடும், இருட்டில் வையுங்கள். பிண்ணாக்கு மூடி போட்ட டிரம்முக்குள் போகட்டும். மூட்டையில் இருந்தால் எலி வரும், காரின் ஒயரைக் கடிக்கும், பின்னாலேயே பாம்பு வரும். சிமெண்ட் மூட்டை பலகைமேல், சுவரைத் தொடாமல் ஓரடி தள்ளி. பழைய டயரை “எதற்காவது உதவும்” என்று ஷெட்டுக்கு வெளியே சாய்த்து வைக்கிறோம். அது உதவுவது ஏடிஸ் கொசுவுக்கு. தேங்கிய நீரில் ஒரு வாரம் பத்து நாளில் புதிய கொசு பறந்துவிடும்.

இதையெல்லாம் ஐப்பசியில் தொடங்கினால் சேற்றில் நின்று மூட்டை தூக்க வேண்டியிருக்கும். நான் இப்போது ஆனியில் பாத்தி வேலையை முடித்து ஆடிப்பட்டத்துக்கு விதை போடுகிறேன், ஆவணியில் ஷெட்டைக் காலி செய்கிறேன். சென்ற முறை வெளியே வந்தவை: கைப்பிடி இல்லாத மூன்று களைக்கொத்துகள், இப்போது எந்தச் சுவரிலும் இல்லாத நிறத்தில் அரை டின் பெயிண்ட், சென்ற ஆண்டு தேடித் தேடிக் கிடைக்காமல் புதிதாக வாங்கிய கவாத்துக் கத்தரியின் அண்ணன்.