வேப்பமர நிழலில் ஆறு குழாய்கள்: எல்லாக் குழந்தைகளும் வாசிக்கத்தக்க திறந்தவெளி இசைமேடை செய்வது எப்படி?

மீனாட்சியம்மன் கோயிலின் வடக்கு ஆடி வீதியில், ஒரே கல்லில் செதுக்கிய இசைத்தூண்களைக் கண்ட குழந்தை, உடனே தட்டிப் பார்க்கத்தான் கையை நீட்டும். பழமையான கல்லாயிற்றே என்று நாமும் கையைப் பிடித்து அழைத்து வந்துவிடுகிறோம். தட்டுவதற்கென்றே, ஆறு குழாய்களைப் படுக்கவைத்த மேடை ஒன்றைப் பள்ளித் திடலில் செய்து வைக்க, முக்கால் அங்குல ஜி.ஐ. பைப் (துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய்) பதினோரு அடியும், கொஞ்சம் மரமும், பழைய சைக்கிள் டியூப் ஒன்றும் போதும்.

முதலில் முழங்காலை அளந்துகொள்ளுங்கள்

மேலூர்ப் பக்கத்துத் தொடக்கப்பள்ளி ஒன்றுக்கு நான் செய்து கொடுத்த முதல் மேடையில், கால்கள் ஆடாமலிருக்க முன்பக்கம் ஒரு குறுக்குச் சட்டம் வைத்திருந்தேன். சக்கர நாற்காலியில் வந்த சிறுமியின் முழங்கால் அந்தச் சட்டத்தில் இடித்ததால், அவள் பக்கவாட்டில் திரும்பி ஒரே ஒரு குழாயை மட்டும் எட்டித் தட்டிக்கொண்டிருந்தாள். பிழை முழுக்க என்னுடையது. மறுநாள் சட்டத்தை அறுத்தெடுத்தேன்.

ஆகவே, மரம் வாங்குவதற்கு முன்பே, சக்கர நாற்காலியில் வரும் குழந்தையை உட்காரவைத்து, தரையிலிருந்து முழங்காலின் மேற்பகுதி வரை அளந்து, அதனோடு ஐந்து சென்டிமீட்டர் கூட்டிக்கொள்ளுங்கள். மேடையின் அடிப்பாகம் அந்த உயரத்தில் இருக்க வேண்டும். கால்கள் இரு பக்கங்களிலும் மட்டும், 90 செ.மீ. இடைவெளியில் நிற்கட்டும். நாற்காலி திரும்புவதற்கு மேடைக்கு முன்னால் ஒன்றரை மீட்டர் வெற்றிடம் தேவை.

இடம்

வேம்போ புங்கையோ நிழல் தரும் இடமாகப் பாருங்கள். சித்திரை வெயிலில் கிடந்த இரும்புக் குழாயைக் குழந்தை தொடவே முடியாது. ஆற்றுமணல் பரப்ப வேண்டாம், சக்கரம் புதையும். கிராவல் கொட்டி நன்றாக இறுகத் தட்டிவிடுங்கள். திருமங்கலம், கள்ளிக்குடிப் பக்கத்துக் கரிசல் மண் மழையில் உப்பி வெயிலில் வெடிப்பதால், ஊன்றிய கால் சாய்ந்துவிடும். அங்கே இரண்டடி ஆழம் தோண்டி, குழியைச் சற்று அகலமாக்கி, கிராவலும் கான்கிரீட்டும் இட்டு ஊன்றுங்கள்.

குழாய்களை வெட்டுதல்

நாம் எடுத்துக்கொள்வது மோகன ராகத்தின் ஐந்து சுரங்களும் மேல் ஸட்ஜமும் (மேல் ‘ச’). மத்திமமும் (ம) நிஷாதமும் (நி) இல்லாததால் இதில் அரைச்சுர இடைவெளி எங்குமே வராது. இரண்டு குழந்தைகள் ஒரே நேரத்தில் எந்த இரண்டு குழாய்களைத் தட்டினாலும் காது கூசுவதில்லை. இசை கற்ற பிள்ளையும் இன்றுதான் கோலைப் பிடித்த பிள்ளையும் சேர்ந்து வாசிக்க இது ஒன்றே போதும்.

வீணைத் தந்தியைப் போல நீளத்தைப் பாதியாக்கினால் மேல் ஸட்ஜம் வரும் என்று நினைத்து வெட்டிவிடாதீர்கள். இருமுனையும் விடுபட்ட குழாயில், அதிர்வெண் நீளத்தின் வர்க்கத்துக்கு எதிர்விகிதத்தில் மாறுவதால், மேல் ஸட்ஜத்துக்கு நீளத்தில் 0.707 பங்கு இருக்க வேண்டும். அடிக் குழாயை 60 செ.மீ. என்று வைத்தால் கணக்கு இப்படி வரும்:

ச – 60.0 செ.மீ.
ரி – 56.6 செ.மீ.
க – 53.7 செ.மீ.
ப – 49.0 செ.மீ.
த – 46.5 செ.மீ.
மேல் ச – 42.4 செ.மீ.

ஆறும் ஒரே பைப்பிலிருந்து வர வேண்டும். சுவரின் கனம் மாறினால் கணக்கும் மாறும். ஒவ்வொன்றையும் இரண்டு மில்லிமீட்டர் கூடுதலாக வெட்டி, கைப்பேசியிலுள்ள ட்யூனர் செயலியைப் பார்த்துக்கொண்டே அரத்தால் முனையைத் தேயுங்கள். தேய்க்கத் தேய்க்கச் சுருதி ஏறும். ஏறிவிட்டால் இறக்குவது கடினம் என்பதால் இங்கே அவசரம் ஆகாது. முனைகளின் கூர்மை போய், விரலை ஓட்டினால் வழுக்க வேண்டும்.

பொருத்துதல்

அதிரும் குழாயில் அசையாத இடங்கள் இரண்டு உண்டு. அவை முனைகளிலிருந்து நீளத்தில் 22.4 சதவீதத் தொலைவில் இருக்கும். 60 செ.மீ. குழாய்க்கு அது 13.4 செ.மீ.; 42.4 செ.மீ. குழாய்க்கு 9.5 செ.மீ. வேறு எங்கே தாங்கினாலும் 'டொக்' என்று செத்த ஒலிதான் வரும். அந்த இடங்களில் 6 மி.மீ. துளையிட்டு, மேலும் கீழும் சைக்கிள் டியூப் வாஷர் வைத்து, 4 மி.மீ. போல்ட்டைத் தளர்வாகவே மாட்டுங்கள். தாங்கும் இரண்டு ரீப்பர்களும் (மரச்சட்டங்களும்) ஏணியைப் போல் இணையாகப் போகாமல், ஸட்ஜத்தின் பக்கம் 33 செ.மீ., மேல் ஸட்ஜத்தின் பக்கம் 23.4 செ.மீ. இடைவெளியில் குறுகிச் செல்லும். குழாய்களுக்கிடையே 15 செ.மீ. விடுங்கள், கை நடுங்கும் குழந்தைக்கும் குறி தப்பாது.

கோல்

25 செ.மீ. மூங்கில் குச்சியின் ஒரு முனையில் ரப்பர் பந்தைச் செருகுங்கள். பிடியில் சைக்கிள் டியூபைத் தடிமனாகச் சுற்றினால் விரல்கள் முழுதாக மடங்காத கையும் பிடித்துக்கொள்ளும். அதுவும் இயலாதவர்க்கு, உள்ளங்கையோடு சேர்த்துக் கட்டும் வெல்க்ரோ பட்டை ஒன்றைத் தைத்து வையுங்கள். இரண்டு குழாய்களுக்கு ஒன்றாக மூன்று கோல்களைக் கயிற்றால் மேடையோடு கட்டிவிடலாம். கயிறு ஒரு சாணுக்கு மேல் நீள வேண்டாம், கழுத்தில் சுற்றும் அபாயம் உண்டு.

பார்வை, செவி

பார்வையற்ற குழந்தைக்காக, இடது ஓரத்து ஸட்ஜக் குழாயின் முனையில் கயிறு சுற்றுங்கள். தடவியதும் தொடக்கம் தெரிந்துவிடும்.

செவித்திறன் குறைந்த பிள்ளைகளின் செய்தி வேறு. அசையாத இடத்தில் குழாயைத் தாங்கியிருப்பதால்தான் நாதம் நிற்கிறது. அதே காரணத்தால் மரச்சட்டத்தைத் தொட்டால் அதிர்வு அதிகம் தெரிவதில்லை. தட்டியபின் குழாயின் முனையை விரல்நுனியால் மெல்லத் தொடச் சொல்லுங்கள், சுருக்கென்று தெரியும். கூடவே, நன்றாகக் கழுவிய நீலப் பிளாஸ்டிக் பீப்பாய் ஒன்றைக் கவிழ்த்து, காற்று போய்வரக் கீழே மூன்று செங்கல் கொடுத்து வையுங்கள். ஒருவர் மேலே தட்ட, மற்றவர் அதைக் கட்டிப்பிடித்து நெஞ்சாலேயே தாளத்தை வாங்கிக்கொள்வார். ஓசைக்கு மிரளும் குழந்தைகளும் இருப்பார்கள் என்பதால், பீப்பாயைக் குழாய்களிலிருந்து பத்தடியாவது தள்ளி வையுங்கள்.

ஐப்பசி மழைக்குப் பின் துரு பார்த்து மெல்லத் தேய்த்தெடுங்கள். டியூப் வாஷர் கோடையில் காய்ந்து வெடிக்கும். ஜூனில் பள்ளி திறக்குமுன் மாற்றிவிடுங்கள்.